பச்சை டேப்

பூந்தமல்லி மெட்ரோ தூணின் நிழல் முஜீப்பின் சைக்கிள் கடைக்குள் பாதிவரை விழுந்திருக்கிறது. தினகரின் சைக்கிளிலிருந்து கழற்றிப்போட்ட நேர் ஹேண்டில்பார் சாக்கின்மேல் கிடக்கிறது. அதற்குப் பதிலாக மாட்டச்சொல்லி, ஆட்டுக்கொம்பாய் வளைந்த ஒன்றை அவன் காயலான் கடையிலிருந்து மலிவாக வாங்கிவந்திருக்கிறான். அதில் சுற்றியிருக்கும் பழைய டேப்பின் நுனியை முஜீப் துடைக்கிறார். அழுக்குக்கு அடியில் பச்சை இன்சுலேஷன் டேப் தெரிகிறது. விரல்கள் நின்றுவிடுகின்றன. கறுப்பு டேப் தீர்ந்துபோன ஒருநாள், இதே ஹேண்டில்பாரைப் பச்சையில் சுற்றி முடித்துக்கொடுத்தவர் அவரேதான். "பச்சையும் நல்லாத்தான் கீது பாய்" என்று சிரித்துவிட்டுப் போன செல்வமணி, போன ஆடியில் திருமழிசை அருகே லாரியில் அடிபட்டுச் செத்தான். இடது வளைவில் தார்ச்சாலை உரசிய வெள்ளைக் கோடு இன்னும் மினுங்குகிறது.

"புதுசு வாங்கினா நமக்குக் கட்டுப்படியாவுமா பாய்? இதுலயே ஏலகிரி போய்ட்டு வந்துருவேன்" என்கிறான் தினகர்.

சொல்லிவிடத்தான் முஜீப் வாயைத் திறக்கிறார். கையோ பழகிய வேலையைப் பார்த்துக்கொண்டே போகிறது. போல்ட்டை முறுக்குகிறது, பிரேக் லீவரை மாட்டுகிறது, புது டேப்பை அந்தக் கோட்டின் மேலேயே சுற்றுகிறது. இதற்குள் தூணின் நிழல் கடையை முழுக்க மூடிவிட்டிருக்கிறது.

தினகர் ஏறி உட்கார்ந்து, குனிந்து வளைவைப் பிடிக்கிறான். செல்வமணியின் அதே முதுகு, அதே குனிவு.

"எனக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி கீது பாய்."

முஜீப் பின்னால் சீட்டைப் பிடித்தபடி நிற்கிறார். தினகர் மிதிக்கிறான். வண்டி நகரவில்லை.

"இன்னா பாய், உட்டாத்தானே ஓட்டிப் பாக்க முடியும்?"

முஜீப்பின் விரல்கள் இன்னும் இறுகுகின்றன.