பூட்டியிருந்த அறை

“அக்கா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. எழுந்து வா, வீட்டுக்குப் போயிடலாம்.”

தம்பி கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான். அவள் பெஞ்சை விட்டு அசையவில்லை. கையிலிருந்த கைக்குட்டை வியர்வையில் நனைந்து கயிறாக முறுக்கிக் கிடந்தது. எதிரே, மூடிய கதவுக்குள் சட்டமன்றக் குழு ஒரு மசோதா பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“பேர் கொடுத்துட்டேன்டா. கூப்பிடுவாங்க.”

“கூப்பிடட்டும். நாளைக்கு டிவியில உன் முகம் வரும். மாமா பார்ப்பார். அந்தப் பையன் பேச்சை எடுத்தாலே தட்டை விட்டு எழுந்துடற மனுஷன். அப்புறம் ஒரே வீட்டுல எப்படி இருப்பே?”

அந்தக் கேள்விதான் ஒரு வாரமாக அவளையும் அரித்துக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். இன்றைக்கும் கடைக்குப் போவதாகத்தான் கணவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

“சொந்தக்காரங்க காறித் துப்புவாங்க. வெட்கங்கெட்டவள்னு சொல்வாங்க. ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?”

“துப்பினா துடைச்சுக்கறேன்.”

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். விஷயத்தைச் சொன்ன அன்றைக்கே வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவன்தான். ஆனாலும் அக்கா தனியாக பஸ்ஸில் வருவதைப் பொறுக்காமல், காலையில் காரோடு தெருமுனையில் வந்து நின்றதும் அவனேதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஸ்திரி கடைக்காரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“குடிங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. என் பையன் செல்போன் திருடினான். தப்புதான், இல்லேங்கலை. ஜெயில் வேண்டாம், வாரா வாரம் நன்னடத்தை அதிகாரி முன்னால வந்து நில்லுன்னு கோர்ட்டுல விட்டாங்க. அந்த ஒத்தை ஆளு தலையில முந்நூறு பிள்ளைங்க. அவருக்கு எந்தப் பையன் யாருன்னே தெரியாது. ரெண்டு வாரம் தப்பினா போதும், ஏன்டான்னு கூடக் கேட்காம உள்ளே தள்ளிடலாமாம். இந்தப் புதுச் சட்டம் வந்தாலாவது ஒரு வார்த்தை விசாரிப்பாங்க. நீங்க எந்தப் பையனுக்காக வந்திருக்கீங்க?”

“பதினாறு வயசு. பைக் ஓட்டினான். ஒரு உயிர் போயிடுச்சு.” அவள் பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “அதே மாதிரிதான் விட்டாங்க. இப்போ உள்ளே இருக்கான்.”

“ஐயோ!” இஸ்திரி கடைக்காரம்மா அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். “பெத்த வயிறு என்ன பாடுபடும்!”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கதவு திறந்தது. அவளைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே பெரிய மேசை. நடுவில் குழுத் தலைவி. வலது பக்கம், மசோதாவை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்து வந்த முன்னாள் வக்கீல். நாற்காலியில் உட்கார்ந்ததும் எழுதி மனப்பாடம் செய்துவந்த பேச்சு முழுக்க அவளுக்கு மறந்துபோயிற்று.

“பயப்படாதீங்கம்மா. தெரிஞ்சதைச் சொல்லுங்க” என்றார் தலைவி.

“அந்தப் பையன் ரெண்டு வாரம் வரலைன்னு உள்ளே அனுப்பிட்டாங்க. ஆனா அவன் வந்தான். ரெண்டு வாரமும் வந்தான். ஆபீஸ்தான் பூட்டியிருந்தது.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எதிர்ல மருந்துக்கடை ஓரமா நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். கதவைத் தட்டினான். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தான். நல்ல மழை. போயிடுவான்னு நினைச்சேன், போகல. இருட்டற வரைக்கும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரமும் அதே பூட்டு, அதே படி. அதிகாரி லீவுல இருந்தாராம். போலீஸ் வந்தப்ப அவன் சொன்னதை ஒருத்தரும் காதுல வாங்கல.”

முன்னாள் வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. காலையிலிருந்து எல்லாரும் இதையேதானே சொல்றீங்க? ‘என் பையன் வரலைங்க’ன்னு எந்த அம்மாவாவது வந்து சொல்வாளா? தலைவி அவர்களே, பெத்த பாசத்தை நம்பிச் சட்டத்தை மாத்த முடியுமா?”

இரண்டு மூன்று பேர் கூடவே சிரித்தார்கள். ஓடிவிடலாமா என்று கதவைத் திரும்பிப் பார்த்தாள். மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

தலைவி மட்டும் சிரிக்கவில்லை.

“ஒண்ணு புரியலம்மா. அவன்கூட நீங்க போகல. மழையில நனையறவன்கிட்ட ஒரு குடையைக் கூட நீட்டல. எதிர்ல மறைஞ்சு நின்னிருக்கீங்க. ஏன்?”

அவள் எழுந்து நின்றாள்.

“ஒரு நாளாவது வராம இருப்பான், நானே பிடிச்சுக் கொடுத்து ஜெயில்ல தள்ளணும்னுதான் வாரா வாரம் போய் நின்னேங்க. நான் அவன் அம்மா இல்லை. அவன் பைக் ஏத்திக் கொன்னது என் பொண்ணை.”