போர்டு இல்லாத ஆட்டம்

“போர்டு எங்கே அண்ணே?”

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்ததும் ஜிஷா கேட்டது இதைத்தான்.

“போர்டெல்லாம் வேண்டாம். வாய் போதும்” என்றான் அபிலாஷ்.

கொல்லயில் ஊரில் அபிலாஷ் வீட்டு முன்னறை. ஜிஷாவை அழைத்து வந்தவள் நந்தனா. இருவருக்கும் நெய்யாற்றின்கரையில் ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடையில் வேலை.

ஆட்டம் இப்படி: ஆளுக்கொரு வேஷம். நந்தனா வைத்தியச்சி, அபிலாஷின் கூட்டாளி ஷாஜி கள்ளன், ஜிஷா வேட்டைக்காரி. அபிலாஷ் கதையைத் தொடங்குவான். என்ன செய்யப் போகிறோம் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பது பகடை விழுவதைப் பொறுத்தது.

ஜிஷாவுக்கு ஆட்டம் பிடித்துப்போனது. ஒன்றுதான் புரியவில்லை. காடு, கோட்டை, ஆறு, எதுவும் கண்ணில் தெரியாமல் இது என்ன ஆட்டம்? போதாததற்கு அபிலாஷ் வேறு பாடாய்ப் படுத்தினான்.

“உரக்கச் சொல்லு மக்கா. எந்தப் பக்கம் போற, காலுக்குக் கீழ என்ன கிடக்கு, எல்லாம் சொல்லணும்.”

“ஒரு போர்டு வாங்கி வச்சா என்னவாம்? சரியான பிசினாறி!” என்று திரும்பும் வழியில் பொருமினாள் ஜிஷா.

நந்தனா பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

ஜிஷா விடவில்லை. ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கதையில் கேட்ட நாடு முழுவதையும் வரைந்தாள். கடையில் மிஞ்சிய ஃப்ளெக்ஸ் துண்டில் அச்சடித்தாள். ரப்பர் மரத்துக் கொட்டைகளுக்குச் சாயம் பூசிக் காய்களாக்கினாள்.

அடுத்த ஞாயிறு அதைத் தரையில் விரித்ததும் ஷாஜி வாயைப் பிளந்தான்.

“எம்மா! நம்ம கோட்டையாக்கும் இது!”

“நல்லாத்தான் இருக்கு மக்கா. ஆனா...” என்று இழுத்த அபிலாஷ், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஆட்டம் பறந்தது.

“நான் இங்க” என்று ஷாஜி ஒரு கொட்டையை நகர்த்தினான்.

“அப்போ நான் இங்க” என்றாள் நந்தனா.

ஜிஷா ஒன்றும் சொல்லாமல் தன் கொட்டையை ஆற்றில் இறக்கினாள். பகடை உருண்டது. மறுபடி உருண்டது.

“இங்கண்ணா எங்க? உரக்கச் சொல்லுங்க” என்றான் அபிலாஷ்.

ஜிஷாவுக்குச் சுர்ரென்றது.

“கண்ணு முன்னால கிடக்கியத எதுக்கு அண்ணே சொல்லணும்? எனக்க போர்டு பிடிக்கல்லண்ணா சொல்லுங்க, சுருட்டிக்கிட்டுப் போறேன்!”

அப்போது, திரை போட்ட உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“எலே அபிலாஷே, ஆத்தைத் தாண்டியாச்சா? இன்னைக்கு ஒண்ணும் கேக்கல்லியே.”

அபிலாஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“எனக்க அக்கா, ஷியாமளா. ஸ்கூட்டர்ல இருந்து விழுந்து முதுகெலும்பு போச்சு. ரெண்டு வருஷமா கூரையப் பாத்துக்கிட்டே கிடக்கா. ஞாயித்துக்கிழமை இந்த ரெண்டு மணி நேரந்தான் கதையக் கேட்டுக்கிட்டு நம்ம கூட வெளிய வருவா. புதுசா வாறவங்ககிட்டச் சொல்லக்கூடாதுண்ணு அவளாக்கும் சொன்னா. தெரிஞ்சா பாவம் பாத்து விளையாடுவாங்களாம்.”

ஜிஷா எழுந்து போய், திரையை விலக்கி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னும் தாண்டல்ல அக்கா. தண்ணி முட்டளவு உண்டு, நல்ல குளிரு. நீங்களும் இறங்குங்க, நான் கையப் பிடிச்சுக்கிடுதேன்.”