வரியின் கடைசியில்

உர்சுலா டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கி ஒரு மாதமாகியும், வாசுகி ஒவ்வொரு வரி முடிவிலும் விரல்களை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

“நிக்காம டைப் பண்ணு லா. கம்ப்யூட்டரே அடுத்த வரிக்குப் போயிடும்.”

“தெரியும் டீச்சர்.”

“அப்புறம் என்ன?”

“சின்ன வயசுல, தேக்காவுல அம்மா ஆபீஸ் டைப்ரைட்டர்லதான் பழகினேன். வரி முடியப்போனா மணி அடிக்கும். அடுத்த வரிக்குத் தள்ளுற கைப்பிடி எனக்கு எட்டாது. அம்மாதான் தள்ளிவிடுவாங்க.”

வகுப்பே சிரித்தது.

“இந்த மெஷின்ல மணியே கிடையாதுன்னு அம்மாகிட்டப் போய்ச் சொல்லு.”

“அம்மா இல்ல டீச்சர். தைப்பூசத்துக்கு மறுநாள் தவறிட்டாங்க.”

சிரிப்பு அடங்கியது. வாசுகி மறுபடியும் டைப் செய்தாள். வரி முடிந்தது, விரல்கள் நின்றன.

அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த உர்சுலா, மெல்லச் சொன்னார்:

“டிங்.”