ஆறு நிமிஷம் தப்பு

நட்டநடுக் காட்டில் ரயில் நின்றதும் மார்லிஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

டெனாலி மலையைப் பார்க்க அவள் வருவது இது நாலாவது தடவை. மூன்று முறையும் மேகம் மூடி ஏமாற்றிவிட்டது. இன்றைக்குத்தான் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. தண்டவாளத்துக்கு இருபுறமும் ஆளுயரப் பனி, பார்க்கப் பார்க்க அலுக்காத அழகு. ஆனால் அலாஸ்காவின் டிசம்பர் வெயிலை நம்ப முடியாது. அரை மணியில் இருட்டிவிடும். அதற்குள் மலை தெரியும் வளைவுக்குப் போயாக வேண்டும்.

வெளியே ஆர்லோ என்ற கிழவர் வெள்ளைத் துணியோடு நின்றார். சாலையே இல்லாத அந்தக் காட்டில் யார் எங்கே நின்று வெள்ளைத் துணியை ஆட்டினாலும் ரயில் நிற்கும். ஏறுவதற்கு ஆட்டினால் சரி. இந்த மனுஷர் ஏறவில்லை. கீழே இறங்கிய கார்டு வர்ஜிலைப் பிடித்துக்கொண்டார்.

"போன வாரம் என்னப்பா மணி சொன்னே? ரேடியோவைப் போட்டுப் பார்த்தா ஆறு நிமிஷம் தப்பு. உன்னையெல்லாம் யாரு கார்டா வெச்சது?"

வர்ஜில் தலையைச் சொறிந்தார். "தப்புதான் பெரியவரே. இப்போ மூணு பதிமூணு, வெச்சுக்குங்க."

கிழவர் கைக்கடிகாரத்தைத் திருகினார். போகிற போக்கில் வர்ஜிலின் அப்பாவையும் இழுத்து நாலு திட்டு திட்டிவிட்டுத்தான் நகர்ந்தார்.

கதவருகே நின்ற மார்லிஸ் செல்போனைப் பார்த்தாள். மூணு ஏழு.

ரயில் கிளம்பியதும் வர்ஜிலை மடக்கினாள். "ஏங்க, இன்னிக்கும் தப்பாத்தானே சொன்னீங்க? ஒரு தடவை சரியாச் சொல்லித் தொலைச்சா அவர் ஏன் ரயிலை நிறுத்தப் போறார்? இத்தனை பேர் காத்துக்கிடக்கோம்."

வர்ஜில் தன் கடிகாரத்தைக் காட்டினார். நொடி பிசகாமல் அவள் செல்போன் காட்டிய அதே நேரம்.

"ரெண்டு வருஷம் முன்னாடி அவர் சம்சாரம் தவறிட்டாங்க. அதுக்கப்புறம் மனுஷன் வீட்டை விட்டு வெளியே வரலை. இந்தக் குளிர்ல அடுப்புகூட மூட்டலை. நான் போய்ப் பேசிப் பார்த்தேன், வாயே திறக்கலை. கிளம்பும்போது மணி மட்டும் கேட்டார். அவசரத்துல தப்பாச் சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் துணியோட வந்து நின்னார். என்னைத் திட்ட."

ரயில் வளைந்தது. பெட்டி முழுக்க ஒரே ஆரவாரம். கடைசி வெயிலில் மலை ரோஜா நிறத்தில் தகதகத்தது. ஆனாலும் மார்லிஸ் திரும்பி வர்ஜிலின் முகத்தைத்தான் பார்த்தாள்.

வர்ஜில் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் சரியா மணி சொல்லிட்டா, அடுத்த சனிக்கிழமை அவர் எதுக்கும்மா எழுந்து வெளியே வருவார்?"