முந்நூறு முழங்கால்கள்

மருத்துவ மாணவர்கள் தாங்களே கூட்டிய ஆய்வரங்கு அது. கட்டுரைகளை எழுதியவை, அவர்களைப் போலவே திரையில் தோன்றிப் பேசும் அவர்களுடைய கணினி நகல்கள். மேடையில் வாசித்தவையும், கீழிருந்து கேள்வி கேட்டவையும் அதே நகல்கள்தான். அமைப்பாளரான இறுதியாண்டு மாணவி தமயந்திக்கு மிஞ்சியது, நாற்காலிக்கு ஒரு திரையாகச் சாய்த்து வைக்கும் வேலை. அதிலும் இரண்டைத் தலைகீழாக வைத்திருந்தாள்.

மூட்டுவலிக்காரர்கள் முந்நூறு பேரின் முழங்கால்களைப் பற்றிய கட்டுரையை வாசித்து அவளுடைய நகல் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, வேட்டி கட்டிய ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"டாக்டரம்மா, அந்த முந்நூறுல நானும் ஒருத்தன், சூசைராஜ். அடுத்த வாரம் ஆபரேஷன்ங்கிறாங்க. பண்ணிக்கலாமா?"

தன் பெயரில் வந்த அந்தக் கட்டுரையைத் தமயந்தி படித்ததே இல்லை. ஆனால் படிக்காததைக் காட்டிக்கொள்ளாமல் சமாளிக்க அவளுக்கு நகல் தேவைப்பட்டதில்லை.

"உக்காருங்கய்யா, பாத்துடுவோம்."

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நோயாளியின் முழங்காலைத் தொட்டாள். மடக்கினாள், நீட்டினாள், அமுக்கினாள். அவர் முகம் சுளிக்கவே இல்லை.

"மூட்டு அருமையா இருக்கே! ஆபரேஷனே வேண்டாம்."

மேடையில் அவளுக்கு முதல் பரிசு அறிவித்தார்கள். திரைகள் எல்லாம் கைதட்டின.

"அது நல்ல காலும்மா," என்று சூசைராஜ் தயக்கத்தோடு வேட்டியை மறுபக்கம் ஒதுக்கினார்.