பிரித்த ஸ்வெட்டர்

"எனக்க மவன் கடலுக்குப் போட்டுட்டுப் போற ஸ்வெட்டராக்கும் இது! எட்டி அபினா, எவளாவது இப்படிப் பிரிச்சுப் போடுவாளா?"

குளத்தூர் சந்தையில் மீன் விற்றுவிட்டு வீட்டில் ஏறியதும் ஏறாததுமாகப் பெர்த்தா போட்ட சத்தத்தில், தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நடுவீட்டில் சிவப்புக் கம்பளிநூல் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. பக்கத்தில் ஊசியோடு பாதி பின்னிய குல்லா.

"மாமி, அது கிழிஞ்சு போனதுதானே. அத வச்சு..."

"வாயப் பொத்துட்டி! சோறு இன்னும் வேகல்ல, அதுக்குள்ள ஒனக்குப் பின்னலா? எல்லாரும் வந்து பாருங்க, இதாக்கும் எனக்க மருமவளுக்க லெச்சணம்!"

ஆத்திரத்தோடு குல்லாவைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அறுந்த நூல்களைச் சேர்த்திருந்தது வலைமுடிச்சு. அவள் புருஷன் மகனுக்குப் பழக்கிவிட்ட அதே முடிச்சு.

உள்ளேயிருந்து நூலுருண்டையோடு மெல்பின் வந்தான்.

"இழுக்காதம்மா, கண்ணி விட்டுப் போவும். கடல் அடங்குறது வரைக்கும் சும்மா இருக்கண்டாமேன்னு நான்தான் பின்னுறேன்."

பெர்த்தா பாய்ந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"எலே, மெல்லப் பேசு! நாலுபேர் கேட்டா என்ன நினைப்பாங்க?"

அபினா எழுந்து வந்து கதவை விரியத் திறந்தாள்.

"இப்ப விளியுங்க மாமி, எல்லாரையும்!"