இருக்கிறதே தெரியல

டொக்! கிக்கர் திரும்பி வந்து கணுக்காலில் அடித்தது. அவன் ஒற்றைக்காலில் துள்ளினான். ஸ்கூட்டர் மூச்சுவிடவில்லை.

மனைவிக்கு இன்று இன்டர்வியூ. பஸ்ஸும் போய்விட்டது.

"கிளம்பிடுச்சா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"கிளம்பும், கிளம்பும்!"

நேற்றுவரை பட்டு மாதிரி ஓடிய வண்டி. சாயங்காலம் அதை ஓட்டிப் பார்த்த அவள் தம்பிகூட, "இன்ஜின் இருக்கிறதே தெரியல மாமா!" என்று சீட்டைத் தட்டி வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனான்.

எதிர்க்கடை மெக்கானிக் வந்தார். டேங்கில் பெட்ரோல் இருந்தது. பிளக்கைத் தேடினார், கிடைக்கவில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் கையை விட்டார். முழங்கை வரை போனது. என்றோ தொலைந்த கைக்குட்டை ஒன்றை வெளியே எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"சார், இதுல இன்ஜின் இல்ல."

"ஐயையோ, திருடிட்டாங்களா?"

"மாட்டின அடையாளமே இல்லியே. எவ்வளவு நாளா ஓட்டறீங்க?"

"கல்யாணத்துலேர்ந்து."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். வண்டியின் வயிற்றுக்குள் மறுபக்கத்து வெயில் தெரிந்தது.

கைப்பையோடு வந்த மனைவி, அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் வாயைப் பொத்தினாள். மூடியைத் தானே மாட்டினாள். சீட்டைத் தடவிக்கொடுத்து, "எப்பேர்ப்பட்ட இன்ஜின்!" என்றாள் சத்தமாக.

வண்டி லேசாக இருமியது.

அவள் அவன் காதருகே குனிந்தாள்.

"மெதுவா பேசுங்க. நேத்து என் தம்பி உளர்ற வரைக்கும் இதுக்கு விஷயமே தெரியாது."